கட்டியங்காரனும் பச்சை ராட்சசனும்: மொட்டை மாடியில் மூன்று இரவுகள்

பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. போன கோடையில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு லீவு போட்டு வந்திருந்தேன். பகலில் கோவிலில் பாரதம் படித்துக்கொண்டிருந்தார்கள். கூத்து தொடங்க இன்னும் மூன்று நாள் இருந்தது. ராத்திரியானால் பிள்ளைகள் தெருவில் கத்திக்கொண்டு திரிந்தார்கள். சரி என்று நண்பன் ஒருவனிடம் புரொஜெக்டர் வாங்கி வந்து, மொட்டை மாடியில் அப்பாவின் எட்டு முழ வேட்டியை இழுத்துக் கட்டி, மூன்று இரவு மூன்று படம் போட்டேன். மூன்றும் கணினியில் உருவான குடும்பப் படங்கள். அண்ணன் பிள்ளைகள், ஓசூரிலிருந்து வந்திருந்த அக்கா பிள்ளைகள், அக்கம்பக்கத்துச் சில்லறைகள் எல்லாம் சேர்ந்து இருபது பேருக்குக் குறையாது. பெரியவர்களில் நிரந்தரப் பார்வையாளர் எங்கள் அம்மா. பிள்ளைகளுக்கு ஆயா.

யார் எங்கே சிரித்தார்கள், எங்கே சிரிக்கவில்லை என்று ஒரு பழைய டைரியில் கோழி கிறுக்கிய மாதிரி குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளை வைத்து எழுதுவதுதான் இது.

குறித்து வைத்ததற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. பெங்களூரில் அனிமேஷன் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நிறுவனத்துக்காகக் குழந்தைகள் தொடர் ஒன்று செய்தோம். அதில் வரும் நரிக்கு, அப்போது எல்லோர் வாயிலும் புரண்டுகொண்டிருந்த ஒரு சினிமா வசனத்தைக் கொடுக்கலாம் என்று சொன்னவன் நான். அறையில் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உருவம் செய்து, அசைவு கொடுத்து, ஒளி வைத்து, கணினி ஒவ்வொரு ஃப்ரேமாகக் கணக்குப் போட்டு வரைந்து தரும் ரெண்டர் எடுத்து, அது வெளியே வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் அந்த வசனம் மீம்களில் அடிபட்டுக் கந்தலாகியிருந்தது. அண்ணன் மகள் பார்த்துவிட்டு, "இந்த நரி ஏன் சித்தப்பா சம்பந்தமில்லாம பேசுது?" என்றாள். அன்றிலிருந்து ஒரு கேள்வி உள்ளே குடைந்துகொண்டிருந்தது: நடப்பு விஷயத்தைத் தொட்டு வைக்கும் ஜோக் எப்போது பிழைக்கிறது, எப்போது சாகிறது?

முதல் இரவு: ஷ்ரெக்

2001இல் டிரீம்வொர்க்ஸ் என்ற ஹாலிவுட் நிறுவனம் எடுத்த, ஷ்ரெக் என்ற பச்சை ராட்சசனின் படம். வில்லியம் ஸ்டீக் 1990இல் எழுதிய படக்கதைப் புத்தகம்தான் மூலம். ஆங்கிலத்தில் ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

பாப் கலாச்சார நையாண்டிக்கு இந்தப் படத்தைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். தேவதைக் கதைகளையும் டிஸ்னியையும் கிண்டல் செய்வதே இதன் பிழைப்பு என்பார்கள். அதனால் பாதிப் படம் எங்கள் மாடியில் படுத்துவிடும் என்று நினைத்திருந்தேன். நடந்தது வேறு.

தொடக்கத்தில் தங்க ஓரம் போட்ட கதைப் புத்தகம் ஒன்று விரிகிறது. பழைய டிஸ்னி படங்கள் தொடங்கும் விதத்தைக் கிண்டல் செய்கிறார்கள். அடுத்த நொடி ஷ்ரெக் அதில் ஒரு தாளைக் கிழித்துக் கழிப்பறைக் காகிதமாக்கிவிட்டு வெளியே வருகிறது. டிஸ்னி எப்படித் தொடங்கினால் இவர்களுக்கு என்ன? புத்தகத்தைக் கிழித்துத் துடைத்துக்கொண்டது என்பது போதும். மாடியே குலுங்கியது.

இளவரசி ஃபியோனா ஆகாயத்தில் பறந்து அந்தரத்தில் அப்படியே நிற்பாள், கேமரா அவளைச் சுற்றி வரும். அது 1999இல் வந்த 'மேட்ரிக்ஸ்' படத்தின் பிரபலமான ஷாட். இருபது பேரில் ஒருவரும் அந்தப் படம் பார்த்ததில்லை. ஆனால் அந்தரத்தில் நின்றபடி அவள் கலைந்த தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, அப்புறம்தான் உதைக்கிறாள். அந்த முடிக்குத்தான் சிரிப்பு. மேட்ரிக்ஸை நினைத்துச் சிரித்தவன் நான் ஒருத்தன் மட்டும்.

வில்லன் ஃபார்குவாட் பிரபுவுக்கு மாயக் கண்ணாடி மூன்று இளவரசிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக் காட்டும். அமெரிக்காவில் 1965இல் தொடங்கிய ஜோடி தேடும் டிவி நிகழ்ச்சி ஒன்றின் நையாண்டி அது. பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். டைரியில் 'படுத்தது' என்று எழுதப்போனேன். அம்மா முந்திக்கொண்டாள்: "தரகர் போட்டோ காட்டறார் பாருங்கடா. மூணாவது போட்டோவ எப்பவும் கடைசியிலதான் எடுப்பான்." அண்ணனுக்குப் பெண் பார்த்த கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தாமதமாக ஒரு சிரிப்பு வந்தது.

பிரபுவின் டுலாக் கோட்டை வாசலில் ஆளே இல்லாமல் கயிறு கட்டி வளைத்து வளைத்து வரிசை போட்டிருப்பார்கள். பிரபுவின் பெரிய தலையை மாட்டிய ஆள் அந்த வளைவுகளுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடித் தப்பிக்கப் பார்ப்பான். ஷ்ரெக் கயிறுகளை நெட்டித் தள்ளிவிட்டு நேராக நடக்கும். டிஸ்னிலேண்டைக் குத்துகிறார்கள் என்று நான் விளக்க வாயெடுத்தேன். "திருப்பதி கியூ" என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்படியானால் எதுதான் செத்தது? பிரபு இஞ்சி பிஸ்கட் பொம்மையைச் சித்திரவதை செய்யும் காட்சியில், 'மஃபின் மேன்' யாரென்று தெரியுமா என்று இருவரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்வார்கள். இங்கிலீஷ் பிள்ளைகளுக்குத் தொட்டிலிலேயே தெரிந்த பாட்டு அது. அந்த நாட்டுக் கணக்கில் பார்த்தால் அது நடப்பு ஜோக்கே இல்லை, பழம்பாட்டு. எங்கள் மாடியில் அந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

இது என்னை யோசிக்க வைத்தது. ஒருவர் ஊரில் காலம் கடந்து நிற்பது இன்னொருவர் ஊரில் வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. படத்தில் வரும் மூன்று பன்றிக்குட்டிகள் இவர்களுக்குத் தெரிந்திருந்ததும் இங்கிலீஷ் மீடியம் பாடப் புத்தகத்தின் புண்ணியம்தான்.

இடையில் ஒரு விபத்து. ராட்சசர்கள் வெங்காயம் மாதிரி, அடுக்கடுக்காக இருப்பவர்கள் என்று ஷ்ரெக் கழுதையிடம் சொல்லும் வசனத்தை மெய்மறந்து மொழிபெயர்த்தேன். உடனே அம்மா, "வெங்காயத்த உரிச்சா உள்ள ஒண்ணும் இருக்காதே" என்றாள். பெரியார் மேடைக்கு மேடை வெங்காயம் வெங்காயம் என்று சொன்ன நாட்டில் அந்த உவமை நேர் எதிராகத்தான் போய் விழும். படத்தின் மிக முக்கியமான வசனம் போயேபோச்சு. நல்லவேளை, ராத்திரியில் உருமாறும் இளவரசி கடைசியில் ராட்சசியாகவே நின்றுவிடுவதைப் பிள்ளைகள் யாரும் விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். "அழகா மாறலையா?" என்று ஒருத்தி கேட்டாள். "இதான் அவ அழகு" என்றாள் அக்கா மகள். அந்த இடத்தில் ஒரு சின்ன அமைதி இருந்தது. ஷ்ரெக் படம் ஜோக்கால் மட்டும் நிற்கவில்லை என்பதற்கு எனக்கு அது போதும். அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதை 2020இல் சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டாம் பாகத்தை மறுநாள் காலை போனில் போட்டுப் பார்த்தார்கள். 2004இல் வந்த அதில் 'வெகுதூர' நாட்டைப் பெவர்லி ஹில்ஸ் மாதிரி செய்து, கடைப் பலகைகளில் ஸ்டார்பக்ஸ் முதலான பெயர்களைத் திரித்து எழுதியிருப்பார்கள். பலகையை ஒருவரும் படிக்கவில்லை. எல்லோருக்கும் பூனையின் கண்கள் மட்டும்தான் வேண்டியிருந்தது.

ஏன் இப்படி ஜோக் வைக்கிறார்கள்

தொழில்காரன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிக்கெட் வாங்குவது அப்பா அம்மா. இரண்டு மணி நேரம் அவர்களையும் உட்கார வைக்க வேண்டும். 1992இல் 'அலாதீன்' படத்துப் பூதத்துக்கு ராபின் வில்லியம்ஸ் குரல் கொடுத்து, ஜாக் நிக்கல்சனிலிருந்து ஷ்வார்ஸ்நெகர் வரை குரல் மாற்றி விளையாடியதில் பெரியவர்கள் மயங்கினார்கள். வழி அங்கேயே திறந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த கதை 'டாய் ஸ்டோரி' பாதியில் நின்ற கதை. 1993 நவம்பர் 19ஆம் தேதி, அதை எடுத்துக்கொண்டிருந்த பிக்சார் நிறுவனத்துக்காரர்கள் அதுவரை செய்திருந்த கதை வரைபட ரீலை டிஸ்னிக்குப் போட்டுக் காட்டினார்கள். டிஸ்னியில் அப்போது படப் பிரிவுத் தலைவராக இருந்த ஜெஃப்ரி காட்சன்பெர்க், இன்னும் குத்தலாக, இன்னும் பெரியவர்களுக்கு ஏற்ற மாதிரி என்று சொல்லிச் சொல்லி, வுடி பொம்மை எல்லோரையும் ஏளனம் செய்யும் கொடுமைக்காரனாகிப் போயிருந்தது. 'பஸ்' என்ற பெயருள்ள விண்வெளி வீரன் பொம்மையை ஜன்னல் வழியே வேண்டுமென்றே தள்ளிவிடும். பார்த்தவர்களுக்கே பிடிக்கவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். திரும்ப எழுதியபோது வுடியின் பொறாமையை வைத்துக்கொண்டார்கள், தள்ளிவிடுவதை மட்டும் கைதவறி நடந்த விபத்தாக்கினார்கள். 1995இல் வந்த படம் அதுதான், முழுக்கக் கணினியில் செய்த முதல் முழுநீளப் படம். காட்சன்பெர்க் 1994இல் டிஸ்னியை விட்டு வெளியேறி, ஸ்பீல்பெர்க், கெஃபன் இருவரோடு சேர்ந்து டிரீம்வொர்க்ஸைத் தொடங்கினார். ஷ்ரெக் அங்கிருந்து வந்தது. டிரீம்வொர்க்ஸ் என்றால் குத்தல், பிக்சார் என்றால் நெஞ்சம் என்று பிரித்துப் பேசும் வழக்கம் அதன் பிறகு வந்தது. அந்தப் பிரிவினை முழுக்கச் சரியில்லை. 2010இல் டிராகனைப் பழக்கும் பையன் கதையை எடுத்தவர்களும் டிரீம்வொர்க்ஸ்தான். அதில் நடப்பு ஜோக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

டாய் ஸ்டோரியை ரெண்டர் செய்ய 117 கணினிகள் ராப்பகலாக ஓடின. ஒரே ஒரு ஃப்ரேம் வெளிவர 45 நிமிடத்திலிருந்து 30 மணி நேரம் வரை பிடித்தது. இப்போது கணினி வேகம் எங்கேயோ போய்விட்டது, ஆனால் ஒரு முழுநீளப் படத்துக்கு இன்றைக்கும் மூன்று நான்கு வருடம் ஆகிறது. எங்கள் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன், எங்கள் பக்கம் கோமாளி என்றும் சொல்வோம், சாயங்காலம் டீக்கடையில் கேட்ட செய்தியை ராத்திரி பதினோரு மணிக்கு ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ஜோக்கைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் இடையில் போட்டியே கிடையாது.

இரண்டாம் இரவு: நீமோ

2003இல் ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கிய பிக்சார் படம். முதல் ஐந்து நிமிடத்தில் பெரிய மீன் வந்து தாயையும் முட்டைகளையும் தின்றுவிடுகிறது. ஒரே ஒரு முட்டை மிச்சம், அதுதான் நீமோ. அந்த இடத்தில் ஜோக் எதுவும் இல்லை. அண்ணனின் கடைக்குட்டி, ஐந்து வயது, எழுந்து போய் ஆயா மடியில் உட்கார்ந்துகொண்டான். நான் மொழிபெயர்ப்பதையும் நிறுத்திவிட்டேன்.

இந்தப் படத்தில் நையாண்டியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ப்ரூஸ் என்ற சுறாவுக்கு அந்தப் பெயர் வந்தது, 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தின் இயந்திரச் சுறாவுக்குப் படக்குழு வைத்திருந்த செல்லப் பெயரிலிருந்து. வெறி வந்ததும் ஓட்டைக்குள் தலையை நுழைத்து அது கத்தும் வசனம், 1980இல் வந்த 'தி ஷைனிங்' படத்தில் கோடாரியோடு கதவை உடைப்பவன் சொல்வதன் திரிபு. ஆனால் இவை எதுவும் தெரியாவிட்டாலும் கொலைவெறி பிடித்த சுறா ஓட்டையில் தலை விட்டால் பிள்ளைகள் அலறுவார்கள். அலறினார்கள்.

அதைவிட நன்றாகப் போனது சுறாக்களின் கூட்டம். குடியை விடுகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து உறுதிமொழி சொல்லும் கூட்டத்தைப் போல, இனி மீன் தின்ன மாட்டோம் என்று சுறாக்கள் சபதம் எடுக்கின்றன. அம்மா அரை நிமிடம் பார்த்தாள். "இதுங்களுக்குப் புரட்டாசி" என்றாள். டோரி என்ற மீனின் மூக்கிலிருந்து ஒரு பொட்டு ரத்தம் கசிந்து, வாசனை பிடித்த ப்ரூஸின் கண் கறுத்துப்போனபோது, "மூணாவது சனிக்கிழமையே தாங்கல" என்றாள். மாடியில் அன்றைக்கு வந்த பெரிய சிரிப்பு அதுதான். படம் எடுத்தவர்கள் கேட்டிருந்தால் அவர்களுக்கும் பிடித்திருக்கும்.

மறுநாளெல்லாம் பெங்களூரா மாங்காயைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் போட்டுப் பங்கு வைக்கும்போது, சிட்னி துறைமுகத்துக் கடற்காக்கைகள் மாதிரி "மைன், மைன்" என்று கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார்கள்.

நீமோவுக்கு அடுத்த வருடம் டிரீம்வொர்க்ஸும் ஒரு சுறாப் படம் விட்டது. 'ஷார்க் டேல்'. வில் ஸ்மித், ராபர்ட் டி நீரோ ஆகியோரின் முக ஜாடையில் மீன்கள், 'காட்ஃபாதர்' பாணி தாதாச் சுறாக்கள், கடலுக்கடியில் பெயர் திரித்த விளம்பரப் பலகைகள். அதை நான் போடவில்லை. அண்ணனின் பெரிய மகள் தானாகத் தேடி எடுத்துப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இந்த மீனெல்லாம் யாரோ மாதிரி இருக்கு, யாருன்னுதான் தெரியல" என்று மூடிவிட்டாள். என் நரி ஞாபகம் வந்தது.

ஔவையின் ஜோக்

தகடூர் என்பது எங்கள் தருமபுரியின் பழைய பெயர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். ஔவைக்கு அவன் நெல்லிக்கனி கொடுத்த கதையை மாவட்டத்தில் சுவருக்குச் சுவர் பார்க்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது புறநானூற்றில் 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறாள் ஔவை. அவன் தன் ஆயுதச் சாலையைச் சுற்றிக் காட்டிப் பெருமை அடிக்கிறான். ஔவை சொல்கிறாள்: இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிப் பத்திரமாக அரண்மனைக்குள் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

சுத்தமான நடப்பு ஜோக். அன்றைக்கு, அந்த ஒரு ராஜாவின் மூக்கை உடைக்க, அந்த இடத்திலேயே சொன்னது. தொண்டைமான் யாரென்று இன்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால் சிரிக்கிறது. ஏனென்றால் சிரிப்புக்கு வேண்டிய அத்தனையும் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது: நெய் பூசிய வேல் ஒரு பக்கம், முனை ஒடிந்த வேல் இன்னொரு பக்கம். வெளியிலிருந்து எதையும் கடன் வாங்கத் தேவையில்லை. ஃபியோனாவின் தலைமுடியும் ப்ரூஸின் சபதமும் இந்த வகை. கடைப் பலகைகள், நட்சத்திர முகம் வைத்த மீன்கள், என் நரியின் வசனம், மஃபின் மேன்கூட, கடன் வாங்கி வாழ்கிறவை. கடன் கொடுத்தவன் போனால் இவையும் போய்விடும்.

கடன் ஜோக்குகளிலும் ஒரு சுகம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மேட்ரிக்ஸ் ஷாட்டுக்கு நான் சிரித்தபோது, நமக்கும் தெரியும் என்ற ஒரு சின்னத் திமிர் அதில் இருந்தது. பாலக்கோட்டிலிருந்து போய்ச் சேர்ந்தவனுக்கு அந்தத் திமிர் தேவையாகவும் இருந்தது.

மூன்றாம் இரவு: தமிழ் பேசும் சிங்கம்

2019இல் ஜான் ஃபாவ்ரோ இயக்கிய 'லயன் கிங்'. நிஜக் காடு மாதிரி தெரியும், ஆனால் முதலில் வரும் சூரிய உதயம் தவிர மற்றதெல்லாம் கணினி. இதைத் தமிழிலேயே போட்டேன். குரல் கொடுத்தவர்கள்: சிங்கக்குட்டி வளர்ந்து ஆகும் சிம்பாவுக்குச் சித்தார்த், வில்லன் சிங்கம் ஸ்காருக்கு அரவிந்த்சாமி, டிமோன் கீரிக்குச் சிங்கம்புலி, பும்பா பன்றிக்கு ரோபோ சங்கர், ஸாஸு பறவைக்கு மனோபாலா.

கதையை விளக்க வேண்டிய வேலையே வரவில்லை. "பங்காளித் தகராறு" என்று அம்மா முதல் காட்சியிலேயே முடித்துவிட்டாள். அண்ணனைப் பள்ளத்தில் தள்ளிக் கொன்றது சித்தப்பா என்று தெரிந்த நொடியில் இருட்டில் ஏழெட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பின. அந்த மாடியில் அண்ணன் பிள்ளைகளுக்கு நான் ஒருவன்தான் சித்தப்பா.

1994இல் கையால் வரைந்த மூலப் படத்தில் கழுதைப்புலிகளின் கவனத்தைத் திருப்ப டிமோன் ஹவாய் நடனம் ஆடும். 2019இல் அதை எடுத்துவிட்டு, டிஸ்னியின் 1991ஆம் ஆண்டுப் படம் ஒன்றிலிருந்து விருந்துப் பாட்டின் முதலடியை வைத்தார்கள். ஓலைப் பாவாடை கட்டி ஆடும் கீரியை எந்த ஊரிலும் பார்த்துச் சிரிக்கலாம். விருந்துப் பாட்டுக்கு அந்தப் பழைய படம் தெரிந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் கழித்து எடுத்தவர்கள் ஏன் பின்னால் போனார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் பிள்ளைகள் அந்த இடத்தில் கழுதைப்புலியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் பும்பாவும் டிமோனும் வாய் திறந்த போதெல்லாம் மாடி அதிர்ந்தது. குரலைக் கேட்டதுமே பெரியவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அண்ணன் அதுவரை கீழே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், ரோபோ சங்கர் குரல் கேட்டு மேலே வந்தார். டப்பிங் செய்கிறவர் இங்கே கட்டியங்காரன் வேலை பார்க்கிறார். கதை ராஜாவுடையது, வசனம் ஊருடையது. சுட்டி டிவியில் ஜாக்கி சான் கார்ட்டூனைத் தமிழில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே குறை, அந்தக் குரலும் பதிவானதோடு உறைந்துவிடுகிறது. கடைக்குட்டிக்கு வயது ஐந்து. பும்பா அவனுக்கு வெறும் பன்றிதான். ஆனாலும் சிரித்தான், பன்றி ஏப்பம் விட்டதற்காக.

டைரியில் இந்த இரவுக்கான பக்கம் பாதிதான் நிரம்பியிருக்கிறது. நானும் படம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

கூத்து

நான்காம் நாள் ராத்திரி கூத்து தொடங்கியது. வில் வளைப்பு. மாடி ரசிகர்கள் மொத்தமும் பாய் போட்டு முன்வரிசையில். துருபத மகாராஜா வரும்போது கட்டியங்காரன் முன்னால் வந்து ஊர் விசேஷம் சொன்னார். "மகாராஜா, இந்த ஊருல ஒரு மாடி வீட்டுல வேட்டிய அவுத்துக் கட்டி மீன் படம் காட்டறாங்களாம். வேட்டி போன பெரியவரு மூணு நாளா உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கல!" மிருதங்கம் ஒரு தட்டு தட்டியது. கூட்டம் மொத்தமும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அப்பா எழுந்து நின்று, இடுப்பில் இருந்த வேட்டியைத் தட்டிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். ஓசூரிலிருந்து அன்றைக்குத்தான் வந்திறங்கிய மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்குட்டி அவர் காதில் முழுக் கதையையும் சொல்லி முடிப்பதற்குள் மகாராஜா இரண்டு பாட்டுப் பாடிவிட்டார்.

மறுநாள் ராத்திரி அவன் அந்த வேட்டி வசனத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான். வரவில்லை. அன்றைக்குப் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்திருந்தது, கட்டியங்காரன் அதைப் பிடித்துக்கொண்டார். "நேத்து சொன்னதைச் சொல்லச் சொல்லு" என்று என்னை நச்சரித்தான்.

இரண்டு நாள் கழித்துத் துகில். துச்சாதனன் திரௌபதியின் கூந்தலைப் பிடித்து இழுத்து வரும்போது கட்டியங்காரன் ஆர்மோனியக்காரர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையில் இருந்த கோமாளிக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முன்வரிசையிலிருந்து எழுந்து, பாய்களைத் தாண்டித் தாண்டி, கடைக்குட்டி ஆயா மடியைத் தேடிப் போனான்.